மேசை மேல் ஒரு போர்க்களம்: நிலம் எவ்வாறு அமைக்கப்படுகிறது?

நடந்து முடிந்த சமர்களைச் சிறிய உருவங்களை வைத்து மேசையில் மீள ஆடுவது ஐரோப்பாவில் நீண்டகாலப் பழக்கம். 1812இல் பிரஷ்யாவைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ், நிலக்கட்டிகளை மாற்றி அடுக்கக்கூடிய மேசையொன்றை மன்னருக்குச் செய்து கொடுத்தார். 1824இல் அவரது மகன் அதனை 1:8000 அளவு வரைபடத்தில் ஆடும் இராணுவப் பயிற்சியாக மாற்றினார்.

போருக்குள் வாழ்ந்த எமக்கு இதை வெறும் விளையாட்டாகப் பார்ப்பது கடினம். ஆனால், ஒரு போர்க்களத்தின் நிலத்தை யார், எப்படிப் பதிவு செய்கிறார்கள் என்பதை விளங்கிக்கொள்ள இது உதவும் என்பதாலேயே எழுதுகிறேன். பெல்ஜியத்தின் வாட்டர்லூவை (1815 ஜூன் 18) எடுத்துக்கொள்வோம்.

முதற் சிக்கல் அளவு. ஏறத்தாழ 5 கிலோமீற்றர் அகலமான களத்தை 1.8 மீற்றர் மேசையில் வைத்தால், நிலம் சுமார் 2,800 மடங்கு சுருங்கும். 28 மில்லிமீற்றர் உருவமோ மனிதனை 60 மடங்கு மட்டுமே சுருக்கியது. எனவே ஒரு வீடு ஒரு கிராமத்தையே குறிக்கும்.

இரண்டாவது உயரம். 20 மீற்றர் மேடு அதே கணக்கில் 7 மில்லிமீற்றர்தான். வெலிங்டன் தனது படையின் பெரும்பகுதியை மேட்டின் பின்சரிவில் மறைத்து வைத்திருந்தார். 7 மில்லிமீற்றர் மேட்டின் பின்னால் எந்த உருவமும் மறையாது. ஆகவே நுரைப்பலகையை அடுக்கி மேட்டைக் கூட்டிக் காட்டுவார்கள். பார்வை எங்கே மறைபடும் என்பதை விதியாகவும் எழுதிவைப்பார்கள்.

மூன்றாவது, மாறிப்போன நிலம். 1826இல் நிறைவடைந்த சிங்கமேட்டு நினைவுச்சின்னத்துக்காக, நேசப்படைகள் நின்ற மேட்டிலிருந்தே மண் அகழப்பட்டது. நினைவுகூரக் கட்டியதே களத்தின் உருவத்தைக் குலைத்துவிட்டது. இன்று அங்கு போய் அளந்தால் 1815இன் நிலம் கிடைக்காது. பழைய வரைபடங்களே துணை.

நான்காவதுதான் முக்கியமானது: யாருடைய சாட்சியம்? பிரித்தானிய அதிகாரி வில்லியம் சைபோர்ன் 1830இல் அக்களத்திலேயே மாதக்கணக்கில் தங்கி நிலத்தை அளந்தார். உயிர்தப்பிய அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி அவர்கள் நின்ற இடங்களைக் கேட்டறிந்தார். அவரது பெரும் மாதிரி 1838இல் லண்டனில் காட்சிக்கு வந்தது. அதில் பிரஷ்யப் படைக்குக் கொடுக்கப்பட்ட இடம் வெலிங்டன் தரப்புக்கு உவப்பாக இல்லை. பின்னர் பிரஷ்ய உருவங்களின் அமைவை சைபோர்ன் மாற்றினார். வெற்றியில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற வாதம் அந்தச் சிறு உருவங்களின் மேல்தான் நடந்தது. அம்மாதிரி இன்று லண்டன் தேசிய இராணுவ அருங்காட்சியகத்தில் உள்ளது.

இத்தகைய மாதிரி எதைப் பார்த்தாலும் நான் கேட்பவை இவை: இது எந்த ஆண்டின் நிலம்? நாளின் எந்த வேளை? யார் சொன்ன இடங்கள்? அந்தப் பண்ணைகளில் குடியிருந்த சனங்கள் எங்கே? ஊகுமோன் பண்ணை அன்று தீப்பற்றி எரிந்தது. மேசைகளில் அதன் சுவர்கள் கவனமாகச் செய்து வைக்கப்படுகின்றன. குடியிருந்தவர்களுக்குப் பெரும்பாலும் உருவம் வைப்பதில்லை.