தருமபுரியும் எச்.ஐ.வி. களப்பணியும்: மறைகாப்பின் வரலாறு

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா திரட்டிய குருதி மாதிரிகளின்வழி இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக அறியப்பட்டது. அம்மாதிரிகள் பாலியல் தொழிலாளர்களுடையவை. ஆதலின் தொடக்கத்திலேயே நோயுடன் ஒழுக்கப் பழியும் பிணைந்தது. 1994இல் தோன்றிய தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் இவ்விரண்டையும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

பெங்களூரு–சேலம் நெடுஞ்சாலை தருமபுரி மாவட்டத்தின் ஊடே செல்கிறது. சரக்கு லாரிகள் இடையறாது கடக்கும் தொப்பூர்க் கணவாய் இங்குள்ளது. 2003இல் கேட்ஸ் அறக்கட்டளை தொடங்கிய அவாஹன் திட்டத்தின் மதிப்பாய்வுக்குத் தமிழகத்தில் தெரிவுசெய்யப்பட்ட மாவட்டங்களுள் தருமபுரியும் ஒன்று. இத்திட்டத்தில் பாலியல் தொழிலாளர்களே களப்பணியாளராயினர். ஆணுறை வழங்குதல், பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு ஆற்றுப்படுத்துதல், பரிசோதனைக்கு நம்பிக்கை மையம் வரை உடன்செல்லுதல் ஆகியன இத்தகு களப்பணியின் கூறுகள்.

சிற்றூர்களில் களப்பணியாளருடன் ஒருவர் காணப்படுவதே அவர்தம் நிலையை வெளிப்படுத்திவிடக்கூடும். எனவே சந்திக்கும் இடம், நேரம், பேசும் சொல் ஆகிய மூன்றிலும் மறைகாப்பு இன்றியமையாததாயிற்று. 1.4.2004 முதல் தாம்பரம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை கட்டணமின்றி வழங்கப்பட்டபின் இத்தேவை மேலும் மிகுந்தது. மருந்தை வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டும். பழிக்கு அஞ்சி நிறுத்தின், உடலில் நுண்கிருமி மீண்டும் பெருகும்.

ஒப்புதலோ நீதிமன்ற ஆணையோ இன்றி ஒருவரது எச்.ஐ.வி. நிலையை வெளியிடுதலை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது, 10.9.2018 அன்று அது நடைமுறைக்கு வந்தது. களப்பணிக்கு அடிப்படையாயிருந்த மறைகாப்பு இதனால் சட்ட உரிமையாயிற்று.