பைரி அறியாத கண்

பைரி கூடு கட்டுவதில்லை. செங்குத்துப் பாறையில் ஒரு திட்டு, அதில் கொஞ்சம் மண்ணோ சரளையோ கிடந்தால் போதும். காலால் கீறி, மார்பால் அழுத்திக் குழியாக்கி, அதிலேயே மூன்று நான்கு செம்பழுப்பு முட்டைகளை இட்டுவிடும். ஆள் ஏற முடியாத உயரம்தான் அதற்குக் காவல். பெரிக்ரின் வல்லூறு என்று உலகம் அறிந்த இந்தப் பறவை இரைமேல் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டும். அந்தப் பாய்ச்சலைப் பிடிக்க நூறாண்டுக்கு முந்தைய கண்ணாடித் தகட்டுக் கேமராவால் ஆகாது. பறவை ஓரிடத்தில் வந்து நிற்க வேண்டும். அப்படி அது தவறாமல் வந்து நிற்கும் இடம் முட்டையும் குஞ்சும் இருக்கும் அந்தத் திட்டுதான்.

பறவையின் வீட்டு வாசல்வரை கேமராவைக் கொண்டுபோகும் பழக்கத்தை வளர்த்தவர்களில் முதன்மையானவர்கள் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்த ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்ற அண்ணன் தம்பி. 1892 ஏப்ரலில் லண்டனுக்கு அருகே ஒரு பூங்குருவிக் கூட்டை முட்டைகளோடு படமெடுத்தார் செர்ரி. அந்தப் படம்தான் இருவரையும் இழுத்துக்கொண்டது. சிறுவயதில் இடுப்பில் பட்ட அடியால் அண்ணனுக்குக் கால் ஊனம். அவர் எழுத, தம்பி கயிற்றில் தொங்கியபடி பாறைகளில் இறங்கிப் படமெடுத்தார். 1895இல் வெளிவந்த அவர்களது பறவைக் கூடுகள் நூலில் இருந்தவை ஓவியங்கள் அல்ல, இயற்கையில் நேரடியாக எடுத்த புகைப்படங்கள்.

ஆனால் கூட்டை எடுப்பது வேறு, கூட்டில் இருக்கும் பறவையை எடுப்பது வேறு. ஆளைக் கண்டால் பறவை எழுந்துவிடும். அதனால் தங்களையே மறைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள் சகோதரர்கள். போலி மரத்தண்டு, போலிப் பாறை, ஏன், பாடம் செய்த ஒரு மாட்டுத் தோலுக்குள்ளேயே நின்றுகொண்டு கேமராவை இயக்கினார்கள். பறவைப் படக்காரர்கள் இன்று ‘ஹைடு’ என்று சொல்லும் மறைவிடத்தின் முன்னோடிகள் இவைதான். என் கருத்தில், இந்தக் கலையின் உண்மையான கண்டுபிடிப்பு லென்ஸ் அல்ல, இந்த மறைவிடம்தான்.

பைரிக்கு அந்த மறைவிடம் 1913ஆம் ஆண்டுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. ஃபிரான்சிஸ் ஹெதர்லி என்ற அறுவை மருத்துவர், இங்கிலாந்தைச் சேர்ந்த சில்லி தீவுகளின் புகைப்படக்காரர் சி. ஜே. கிங்குடன் சேர்ந்து எடுத்த படங்களோடு, பைரியின் கூட்டு வாழ்க்கையைப் பற்றியே ஒரு முழுநூலை அந்த ஆண்டு வெளியிட்டார். வானத்தில் ஒரு நொடி தெரிந்து மறையும் வேட்டைப் பறவை, இரையைச் சிறு துணுக்குகளாகக் கிழித்துக் குஞ்சுகளின் வாயில் கொடுப்பதை அருகிலிருந்து காண அன்று மறைவிடம் ஒன்றே வழி.

இந்தத் தொழிலில் ஒரு பழைய தந்திரம் உண்டு. மறைவிடத்துக்கு இருவராகப் போவார்கள். ஒருவர் உள்ளே தங்க, மற்றவர் பறவை பார்க்கும்படியே திரும்பி நடப்பார். பறவை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆள் போய்விட்டதாக நம்பிக் குஞ்சுகளிடம் வந்துவிடும். மறைவிடத்தையும் ஒரே நாளில் கூட்டருகே நிறுத்தமாட்டார்கள். தொலைவில் வைத்து, பறவை பழகப் பழக நாள்கணக்கில் நகர்த்துவார்கள். அவசரப்பட்டால் நஷ்டம் பறவைக்குத்தான். தாய் எழுந்து நெடுநேரம் வெளியே சுற்றினால் முட்டைகள் குளிர்ந்து கருக்கள் இறந்துவிடும்.

அவசரக்காரர்கள் இருக்கத்தான் செய்தார்கள். அவர்களைவிடப் பெரிய கேடுகளும் பைரியைத் தேடி வந்தன. முட்டை சேகரிப்பவர்கள் திருடினார்கள். இரண்டாம் உலகப் போரில் தூதுப் புறாக்களைக் காக்க பிரிட்டிஷ் அரசே பைரிகளைக் கொல்ல உத்தரவிட்டது. பிறகு வந்தது டிடிடி என்ற பூச்சிக்கொல்லி. 1960 வாக்கில் புறா வளர்ப்பவர்கள் பைரிகள் பெருகிவிட்டன என்று முறையிட, கணக்கெடுத்தவர்கள் கண்டதோ அவை வேகமாக அழிந்துவருவதை. டெரெக் ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் பழைய முட்டைச் சேகரிப்புகளை எடைபோட்டுப் பார்த்து, 1940களின் பிற்பகுதியிலிருந்து ஓடுகள் மெலிந்துவிட்டதை 1967இல் நிறுவினார். ஓடுகளை மெலியவைத்த டிடிடி உள்ளிட்ட பூச்சிக்கொல்லிகளுக்குத் தடைகள் வந்தபின்தான் பைரி மீண்டது.

இன்று பிரிட்டனில் பைரியின் கூட்டருகே படமெடுக்க உரிமம் வேண்டும். 1981ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. மறைவிடமும் உருமாறிவிட்டது. டெர்பி நகரத் தேவாலயக் கோபுரத்தில் பைரிகள் குடியேற, 2006இல் அவற்றுக்கு மேடை அமைத்து, அடுத்த ஆண்டே கேமராவும் பொருத்தினார்கள். உள்ளே ஒளிந்திருக்க ஆளே தேவையில்லை. உலகம் முழுவதும் அந்தக் குஞ்சுகளைப் பார்க்கிறது, தாய்க்கு ஒரு சிறகடிப்பும் வீணாவதில்லை. மாட்டுத் தோலுக்குள் வியர்த்துக்கொண்டு நின்றவர்கள் தேடியதும் இதைத்தான்.

பைரியின் நம்மூர்த் துணையினமான ஷாஹீன் நமது மலைப்பாறைகளிலும் இலங்கையின் சிகிரியா குன்றிலும் குஞ்சு பொரிக்கிறது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை அது. கையில் நீண்ட லென்ஸ் இருந்து, அந்தப் பாறைக்கு வழியும் தெரிந்த நண்பர்களே, கூடு இருக்கும் இடத்தை யாருக்கும் சொல்லாதீர்கள். முட்டைக் காலத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள். பறக்கும் பைரியை எடுங்கள். அதற்கேற்ற கேமரா இப்போது உங்களிடம் இருக்கிறது.