இரண்டு ஏடுகளில் ஒரு குடும்பம்

களப்பணிக்காக நாங்கள் போகும் காலனிகளில் பல கத்தோலிக்க வீடுகளில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதற்குள் பிளாஸ்டிக் உறையில் இரண்டு காகிதங்கள் பத்திரமாக இருக்கும். ஒன்று பங்குக் கோயில் கொடுத்த திருமுழுக்குச் சான்று. மற்றொன்று தாசில்தார் அலுவலகம் கொடுத்த சாதிச் சான்றிதழ். சில வீடுகளில் ஒரே பிள்ளைக்கு இரண்டு காகிதத்திலும் வெவ்வேறு பெயர். ஒன்றில் சவேரியார் பெயர், மற்றதில் முருகன் பெயர்.

பயிற்சி முகாம்களில் இளந்தோழர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: "கோயில்லயும் சாதி பாக்குறாங்க, அரசாங்கமும் எஸ்சி இல்லங்குது. அப்புறம் ஏன் இவங்க இன்னும் அங்கயே இருக்காங்க?" நியாயமான கேள்விதான். ஆனால் அதில் ஓர் ஏளனமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பதில் சொல்ல, அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தின் ஓராண்டை வரலாற்றோடு சேர்த்துப் பார்ப்போம். நாம் சொல்வது ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. பல வீடுகளில் நடப்பதுதான்.

ஏப்ரல்: திருமுழுக்கு

உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு பேரக் குழந்தைக்குத் திருமுழுக்கு. கடன் வாங்கியாவது வெள்ளைச் சட்டை, பத்துப் பேருக்குச் சாப்பாடு. "சோத்துக்காக மதம் மாறினவங்க" என்ற பழிச்சொல்லை இந்த வீடும் கேட்டிருக்கிறது.

தென் திருவிதாங்கூரில் மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் பறையர் சமூகத்தவர். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், தஞ்சாவூரில் கிறிஸ்தவர்களான உறவினர்களைச் சந்தித்து, வேதமாணிக்கமாகத் திரும்பினார். பிறகு தம் ஊருக்கு ஒரு மிஷனரி வேண்டும் என்று தரங்கம்பாடிவரை போய்க் கேட்டார். ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்தது அந்த அழைப்பினால்தான். மிஷனரி வந்து பிடித்துக்கொண்டு போன கதை அல்ல இது. நம்மவர் தேடிப் போய் அழைத்து வந்த கதை. பஞ்ச காலங்களில் கஞ்சித்தொட்டி தேடியும் மக்கள் மிஷன் வளாகங்களுக்குப் போனார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பசித்தவர் சோற்றையும் மரியாதையையும் ஒரே இடத்தில் தேடினால் அதில் என்ன வெட்கம்?

மே: தேர்த் திருவிழா

வரி கட்டுவார்கள், கொடி மரம் தூக்குவார்கள், பந்தல் போடுவார்கள். தேர் மட்டும் பல ஊர்களில் காலனித் தெருவுக்கு வராது.

இதற்கும் நீண்ட வரலாறு உண்டு. 1606-இல் மதுரைக்கு வந்த தெ நொபிலியின் வழியில், மேல்சாதியினருக்குத் தனிக் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று மதுரை மிஷன் பிரித்துக்கொண்டது. சீர்திருத்தச் சபைகளிலும் இதே சிக்கல் இருந்தது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவிட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். வடக்கன்குளத்தில் ஒரு பக்கம் வேளாளரும் மறுபக்கம் நாடார் உள்ளிட்ட மற்றவர்களும் நிற்கும்படி ஆலயமே இரண்டு கால்களாகப் பிரித்துக் கட்டப்பட்டது. நடுவிலிருந்த தடுப்பை 1910-இல் கௌசானல் அடிகளார் இடித்தார். வேளாளர்கள் நீதிமன்றம் போய்த் தோற்றார்கள். அந்த ஆலயத்தின் பெயர் திருக்குடும்ப ஆலயம்!

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். அவர்களுடைய வீடுகளை வன்னியக் கத்தோலிக்கர்கள் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் இருவர் இறந்தார்கள். இரு தரப்பும் ஒரே நற்கருணை வாங்கியவர்கள்.

ஜூன்: பள்ளிச் சேர்க்கை

மூத்த பெண் பிளஸ் டூ முடித்துவிட்டாள். குடும்பத்தில் முதல் ஆள். எல்லோருக்கும் மகிழ்ச்சி. கல்லூரி விண்ணப்பத்தில் சாதி என்ற கட்டம் வந்ததும் வீடு அமைதியாகிறது. "கிறிஸ்தவ ஆதிதிராவிடர்" என்று எழுதினால் பிசி. "இந்து ஆதிதிராவிடர்" என்று எழுதினால் எஸ்சி. விஏஓ விசாரணைக்கு வரும் நாளில் சுவரிலிருந்த மாதா படம் உள்ளறைக்குப் போகிறது. அதை எடுத்து வைக்கும் பாட்டியின் முகத்தைப் பார்த்தவர்கள் "பொய்ச் சான்றிதழ்" என்று எளிதில் பேச மாட்டார்கள்.

இதைச் செய்ய வைத்தது 1950 ஆகஸ்ட் 10-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது அது. 1956-இல் சீக்கியர்களுக்கும் 1990-இல் பௌத்தர்களுக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இன்னும் திறக்கவில்லை. இழப்பு இட ஒதுக்கீடு மட்டுமல்ல. தனித் தொகுதியில், தனி ஊராட்சியில் நிற்க முடியாது. சாதி சொல்லி அடித்தாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணைக்கு வராது. அடிக்கிறவன் திருமுழுக்குச் சான்றைப் பார்த்துவிட்டா அடிக்கிறான்?

சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை என்பவரை நாம் மறக்கக் கூடாது. தெருவோரத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை, அவர் கிறிஸ்தவர் என்பதால் மறுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-இல் தீர்ப்பு எதிராக வந்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்றால் போதாது, அதே அளவு கொடுமையோடு தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டுமாம். 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. ஒன்றும் நடக்கவில்லை. 2004-இல் போட்ட வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, 2022-இல் பாலகிருஷ்ணன் ஆணையம் என்று இன்னோர் ஆணையம் அமைத்தார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவ நம்பிக்கையைக் கடைப்பிடித்துக்கொண்டே இட ஒதுக்கீட்டுக்காக இந்து என்பது அரசமைப்பின் மீதான மோசடி என்றது. மாதா படத்தை எடுத்து வைத்த பாட்டியை அந்தச் சொல் எங்கே நிறுத்துகிறது என்று யோசியுங்கள்.

நவம்பர் 2: கல்லறைத் திருநாள்

இந்த ஆண்டு தாத்தா இறந்துபோனார். மெழுகுவர்த்தியும் சாமந்தியும் வாங்கிக்கொண்டு குடும்பம் கல்லறைக்குப் போகிறது. பல ஊர்களில் தலித் கல்லறை தனி. திருச்சி மேலப்புதூரில் கல்லறைக்கு நடுவே எழுந்த சாதிச் சுவரை எதிர்த்து நடந்த போராட்டங்கள் நாம் அறிந்தவை. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று அரசு சொல்கிறது. நீதிமன்றம் கொடுமைக்குச் சான்று கேட்கிறது. சான்று கல்லறையில் சுண்ணாம்பு பூசி நிற்கிறது. 2003-இல் தமிழக ஆயர்களிடம் இரண்டாம் யோவான் பவுல் சாதிப் பிரிவினையைக் கண்டித்தார். 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டுத் திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு என்று ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதல் இன்னும் எல்லாப் பங்குகளுக்கும் வந்து சேரவில்லை.

டிசம்பர்: ஸ்டார் கட்டும் வீடு

இவ்வளவுக்குப் பிறகும் டிசம்பரில் அந்த வீட்டு வாசலில் ஸ்டார் தொங்குகிறது. கல்லூரியிலிருந்து வந்த பெண் குடில் கட்டுகிறாள். மாட்டுக் கொட்டகையில் பிறந்தவரைச் சேரிக்காரர்கள் தங்கள் ஆள் என்று நினைப்பதற்கு இறையியல் பட்டம் தேவையில்லை.

தோழர்களே, உங்கள் கேள்விக்கு எங்கள் பதில் இதுதான். அந்தக் கோயிலுக்குக் கல் சுமந்தவர்கள் இவர்கள். முதல் எழுத்தை அங்கேதான் படித்தார்கள். இறந்தவர்கள் அந்த மண்ணில் கிடக்கிறார்கள். தம் இடத்தைச் சாதிக்காரருக்கு விட்டுவிட்டு ஏன் வெளியேற வேண்டும்? வெளியேறுவதும் உரிமை, அண்ணல் 1956-இல் காட்டிய வழி அது. உள்ளே நின்று சண்டை போடுவதும் உரிமைதான். எதை எடுப்பது என்பதை அந்தக் குடும்பம் முடிவு செய்யட்டும்.

நாம் செய்ய வேண்டியவை சில உண்டு. எந்த வீட்டின் சான்றிதழ் விவரத்தையும் பொதுவெளியில் போடாதீர்கள். ஒரு பதிவு ஒரு பெண்ணின் படிப்பையே நிறுத்திவிடும். ஆகஸ்ட் 10-ஐக் கிறிஸ்தவர்களின் கறுப்பு தினமாக மட்டும் விட்டுவிடாமல் எல்லா தலித் அமைப்புகளும் கடைப்பிடிப்போம். உங்கள் ஊர்ப் பங்கில் 2016 கொள்கை என்ன ஆயிற்று என்று எழுத்தில் கேளுங்கள்.

அந்தப் பாட்டி மாதா படத்தை மறைக்காமலே பேத்திக்குச் சான்றிதழ் வாங்கும் நாள் வரவேண்டும். அதுவரை இந்த வேலை முடியாது.