ஒருமுறை வந்த டெங்கு மறுபடி வராதா?



"எனக்கு முன்பே டெங்கு வந்துவிட்டது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, இனி பயமில்லை" என்று நம்மில் சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இது பாதிதான் உண்மை. மீதிப் பாதியை மருத்துவ உலகம் தெரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

டெங்கு வைரஸை முதலில் பிரித்தெடுத்தது 1943-ல், ஜப்பானில். அடுத்த ஆண்டு அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் சேபின், கல்கத்தா உள்ளிட்ட இடங்களில் காய்ச்சல் கண்ட படைவீரர்களின் ரத்தத்தை ஆராய்ந்து, இதில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை உண்டு என்று கண்டார். வந்த வகைக்கு எதிர்ப்பு நெடுநாள் நிற்கும். மற்ற வகையிலிருந்து பாதுகாப்பு இரண்டு மூன்று மாதம்தான். 1956-ல் மணிலாவில் இன்னும் இரண்டு வகைகள் கிடைத்தன. ஆக, மொத்தம் நான்கு. நம் வேலூரில் 1968-ல் டெங்கு பரவியபோது, அந்த ஒரே ஊரில் நான்கு வகையும் இருந்தது ஆய்வில் தெரிந்தது.

கியூபாவில் 1977-ல் முதல் வகை பரவியது. 1981-ல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே டெங்கு கண்டவர்கள். பழைய ஆன்டிபாடி புது வகை வைரஸை அழிக்க முடியாமல், அது ரத்த அணுக்களுக்குள் நுழைய வழி செய்துவிடுகிறது என்பது விஞ்ஞானிகள் தரும் விளக்கம். இரண்டாம் முறை எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் ஆபத்து கூடுகிறது.

இனி பரிசோதனைச் சீட்டைப் பாருங்கள். காய்ச்சலின் முதல் சில நாட்களில் என்.எஸ்.1. ஐந்து நாள் போல் ஆனபின் ஐ.ஜி.எம். நெடுநாள் தங்குவது ஐ.ஜி.ஜி. இது பேரேட்டில் உள்ள பழைய பதிவு மாதிரி. எந்த வகை வந்தது என்று சொல்லாது. 2017-18-ல் நடந்த தேசிய ஆய்வில், தென்னிந்தியாவில் 5 முதல் 45 வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 77 பேரிடம் இந்தப் பதிவு இருந்தது. அறியாமலே வந்துபோனவர்கள் நம்மிலும் இருக்கலாம்.

ஐப்பசி அடைமழை வரப்போகிறது. ஃபிரிட்ஜின் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு, மொட்டைமாடித் தொட்டியின் மூடி ஆகியவற்றை வாரம் ஒருமுறை பாருங்கள். காய்ச்சல் இறங்கும்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ரத்தக்கசிவு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். "முன்பே வந்ததே" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.