நியூசிலாந்தின் போர்க் குறுநூல்கள்

இரண்டாம் உலகப் போரில் நியூசிலாந்தின் பங்கை எழுதி வைக்க அந்நாட்டு அரசு அமைத்த போர் வரலாற்றுக் கிளை, 1948 முதல் 1954 வரை 'எபிசோட்ஸ் அண்ட் ஸ்டடீஸ்' என்னும் வரிசையில் 24 குறுநூல்களை வெளியிட்டது. ஒளிப்படங்களும் வரைபடங்களும் நிறைந்த மெல்லிய நூல்கள் இவை. 1944இல் காசினோ அருகே கண்ணிவெடியில் இரு பாதங்களையும் இழந்த தளபதி ஹோவர்ட் கிப்பன்பர்கரே இவ்வரிசையின் தலைமைப் பதிப்பாசிரியர். பின்னால் வந்த வரலாற்றுப் பெருந்தொகுதிகளின் முன்னோட்டமாக மட்டும் இவற்றைக் கொள்வது குறைவான மதிப்பீடு. ஒரே சண்டையை, ஒரே கப்பலை எடுத்துக்கொண்டதால் பெருவரலாற்றில் ஒரு பத்தியாகச் சுருங்கிவிடும் மனிதர்களுக்கு இவற்றில் இடம் கிடைத்தது. எஸ். டி. வாட்டர்ஸ் எழுதிய 'அக்கிலீஸ்' நூலே இதற்குச் சான்று. 1939 டிசம்பர் 13 அன்று பிளேட் ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால், 11 அங்குலப் பீரங்கிகள் கொண்ட ஜெர்மனியின் 'கிராஃப் ஷ்பே' கப்பலை மூன்று குரூசர்கள் எதிர்த்தன. பொது வரலாறுகளில் இது பிரிட்டனின் வெற்றி. ஆனால் அக்குரூசர்களுள் ஒன்றான அக்கிலீஸில் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நியூசிலாந்தர். அக்கப்பலில் நால்வர் மாண்டனர். அந்நூல் வெளிவந்த 1948இலேயே அக்கப்பல் இந்தியாவிடம் வந்து 'டெல்லி' எனப் பெயர் பெற்றது. 1961இல் கோவா நடவடிக்கையிலும் பங்கேற்றது.

அரசு அச்சிட்ட போர்நூல் புகழ்ச்சியாகத்தானே இருக்கும் என்ற ஐயம் நியாயமானது. போர்க்காலத்தில் பல நாடுகள் வெளியிட்ட படநூல்கள் அப்படித்தான் இருந்தன. இவ்வரிசை எடுத்துக்கொண்ட பொருள்களோ வேறு கதை சொல்கின்றன. கைதிகளுக்கும் காயமுற்றோருக்கும் தனி நூல்கள் உண்டு. எதிரியின் ஆவணங்களிலிருந்து சண்டைகளைப் பார்க்கும் நூலும் உண்டு. பசிபிக்கில் திரிந்த ஜெர்மன் வேட்டைக் கப்பல்களைப் பற்றி வாட்டர்ஸ் எழுதியது பெரும்பாலும் இழப்புகளின் கதை. 1940 ஜூனில் அவற்றுள் ஒன்றான 'ஓரியன்' விதைத்த கண்ணிவெடியில் மோதி 'நயாகரா' கப்பல் பொன்கட்டிகளோடு மூழ்கியது. அதே ஆண்டு நவம்பரில் பயணிகளோடு சென்ற 'ரங்கிட்டானே' தாக்கப்பட்டு மூழ்கடிக்கப்பட்டது. சொந்தக் கடலிலேயே நடந்த இத்தகைய தோல்விகளை விரித்துச் சொல்லப் புகழ்ச்சிநூல் எதுவும் முன்வராது. துண்டுதுண்டாக எழுதினால் போரின் முழு உருவம் தெரியாது என்ற மறுப்புதான் வலுவானது. சண்டை எப்படி நடந்தது என்பதை இந்நூல்கள் தெளிவாகக் காட்டுகின்றன. கப்பல்களும் படைகளும் ஏன் அங்கே அனுப்பப்பட்டன என்பதற்கு அவற்றில் இடம் போதவில்லை. அந்தப் பொறுப்பு பெருந்தொகுதிகளுக்கே போனது. வாட்டர்ஸே 1956இல் நியூசிலாந்துக் கடற்படையின் முழுப் போர் வரலாற்றை எழுதினார்.