செந்தமிழ் எல்லையும் கொங்குச் சொல்லும்

ஒருவர் வாய் திறந்த அளவிலேயே அவர்தம் ஊரையும் குலத்தையும் கணித்து மதிப்பிடும் வழக்கம் தமிழகத்தில் பழையது. ஏட்டுத்தமிழைப் பெருமைக்கும் வட்டாரப் பேச்சை நகைப்புக்கும் உரியதாக வைக்கும் இம்மனப்பான்மைக்கு இலக்கணத்தில் இடம் உண்டா என்பது ஆராயத்தக்கது.

தொல்காப்பியர் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலத்துச் சொல்லும் திசைச்சொல்லாகச் செய்யுளில் இருக்கை பெற்றது. செந்தமிழ் நிலம் எதுவென அவர் அந்நூற்பாவில் எல்லை வரையவில்லை, வரைந்தோர் உரையாசிரியர்களே. வையைக்கு வடக்கு, மருதயாற்றுக்குத் தெற்கு, கருவூர்க்குக் கிழக்கு, மருவூர்க்கு மேற்கு என்பது அவர்கள் இட்ட வரம்பு. புறத்தே நின்றவை கொடுந்தமிழ் நிலங்கள் எனப் பெயர் பெற்றன.

இவ்வரம்பின்படி கொங்கின் பெரும்பகுதி கருவூர்க்கு மேற்கே ஒதுங்குகிறது. வெண்ணந்தூரோ மருதயாற்றுக்கு வடக்கே நின்றுவிடுகிறது. வையையின் தென்கரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சூழ்ந்த மதுரைக்கும் இதே நிலைதான்! இவ்வரம்பை முன்னரே மறுத்தவர் தெய்வச்சிலையார். இதனை ஏற்பின் கொற்கையும் கொடுங்கோளூரும் காஞ்சியும் தமிழ் திரிந்த நிலங்களாகிவிடும் என்பது அவர் காட்டிய தடை. அவர் கருத்தில் பன்னிரு நிலங்கள் தமிழகத்துக்கு அப்பாலுள்ள சிங்களம், துளுவம், வடுகு முதலியன. அதாவது, அயல்மொழிச் சொல்லுக்கும் தமிழ்ச் செய்யுளில் இடமுண்டு.

சேலம், நாமக்கல் வட்டாரத்துக்கு இக்கருத்து மிகவும் பொருந்தும். தறியோசை கேட்கும் இந்நிலத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் சௌராட்டிரமும் வீட்டுமொழிகளாக வழங்குகின்றன. தேவாங்கருள்ளும் அருந்ததியருள்ளும் வீட்டில் வேறுமொழி பேசி வெளியில் தமிழ் பேசுவோர் பலர். எனினும் எல்லா மொழிக்கும் ஒரே மதிப்புக் கிட்டுவதில்லை. பேசுவோரின் சமூகநிலையே பேச்சின் மதிப்பாகிவிடுகிறது.

பிற நாட்டு நிலையும் இதுவே. இங்கிலாந்தில் உயர்ந்தோர் பேச்சு சொல்லிறுதி ரகரத்தை விடுகிறது. நியூயார்க்கிலோ அதனை ஒலிப்பதே உயர்வு என்பதை லபோவ் 1966இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. உயர்வும் தாழ்வும் ஒலியில் இல்லை. கேட்போர் மனத்தில் உள்ளன.

சொல்வளத்தை நோக்கின் இழப்பு யாருக்கு என்பது விளங்கும். 'பாட்டன்' என்னும் பொதுச்சொல் காட்டாத வேறுபாட்டைக் கொங்குத்தமிழ் காட்டுகிறது: தந்தையைப் பெற்றவர் 'அப்பாரு', தாயைப் பெற்றவர் 'அப்புச்சி'. விருந்தினரையும் உறவினரையும் ஒருசேரத் தழுவும் சொல் 'ஒறம்பரை'. 'ஏனுங்', 'சொல்லுங்' என வரும் ஈறு மரியாதையைப் பேச்சின் இயல்பாகவே ஆக்கிவிட்டது. இவற்றைப் 'பட்டிக்காட்டுப் பேச்சு' என்று திருத்தும் வகுப்பறையில் மாணவர் இழப்பது கொச்சையை அன்று. நுட்பமான பொருள் வேறுபாட்டையே ஆகும்.

உரையாசிரியர்கள் திசைச்சொல்லாகக் காட்டிய 'கேணி', பாரதியின் 'காணி நிலம்' பாடலில் இயல்பாக அமர்ந்துள்ளது. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) கொங்குப் பேச்சை நாவலுக்குள் அழைத்து வந்தது. பெருமாள்முருகனின் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' (2000) அச்சொற்களைத் தொகுத்து வைத்தது. எனினும் அகராதி சொல்லைக் காக்கலாமேயன்றி வாழவைக்க இயலாது. அது பாவலர் கடமை. தொல்காப்பியர் திசைச்சொல்லுக்கு அளித்த இருக்கை இன்றும் உள்ளது. அதனை வெறுமையாக விடாதிருத்தல் கவிஞர்க்கு அழகு.