கழற்ற முடியாத ஊசி: மூவிங் காயில் கார்ட்ரிட்ஜும் முனைமாற்றுத் தொழிலும்

கிராமபோனின் எஃகு ஊசிக் காலத்தில் ஊசியைப் பழுதுபார்க்கும் பேச்சுக்கே இடமில்லை. 78 சுழற்சி அரக்குத் தட்டில் கல்தூளை வேண்டுமென்றே கலந்தார்கள். முதல் சில சுற்றுகளில் தட்டே ஊசியைச் சாணை பிடித்துத் தன் தடத்துக்கு ஏற்ற வடிவுக்குக் கொண்டுவந்துவிடும். ஒரு பக்கம் பாடி முடித்ததும் அந்த ஊசி குப்பைக்குப் போகும். டப்பாவுக்கு 200 ஊசி என்று விற்றதன் காரணம் அதுதான்.

1948இல் கொலம்பியா நிறுவனம் நெடுநேர இசைத்தட்டை வெளியிட்டதும் இந்த உறவு தலைகீழானது. வினைல் மென்மையானது, தடமும் மிகக் குறுகலானது. பழைய ஊசி முனையின் ஆரம் சுமார் 75 மைக்ரான், புதியதற்கு 25. இப்போது தேய்ந்த ஊசிதான் தட்டைக் கெடுத்தது. நிலைத்து நிற்கும் வைர முனை இதனால் இன்றியமையாததாயிற்று.

தேய்ந்த வைரத்தை மாற்றித் தரும் முனைமாற்றுத் தொழில் பிறந்ததற்கு, ஊசியின் அசைவை மின்குறிகையாக்கும் கார்ட்ரிட்ஜின் விலையைக் காரணம் காட்டுவது வழக்கம். அது பாதி உண்மைதான். பெரிய காரணம் கார்ட்ரிட்ஜின் அமைப்பில் இருக்கிறது. அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் 1958இல் கொண்டுவந்த எம்3டி, காந்தம் அசையும் வகை. ஊசியும், அதைத் தாங்கும் மெல்லிய தண்டான கான்டிலீவரும், காந்தமும் ஒரே துண்டு. விரலால் பிடித்து இழுத்தால் கழன்றுவரும். மறு ஆண்டு டென்மார்க்கின் ஆர்டஃபான் வெளியிட்ட எஸ்பியூவில் அசைவது கம்பிச்சுருள்; இதுதான் மூவிங் காயில் வகை. தலைமுடியை விட மெல்லிய அந்தக் கம்பி கான்டிலீவரின் பின்முனையோடு பிணைந்திருப்பதால் ஊசியை இழுத்தால் கம்பி அறுந்துவிடும். அதனால் தேய்ந்த மூவிங் காயிலைத் திருப்பி வாங்கிக்கொண்டு, சலுகை விலையில் புதியதைத் தரும் வழக்கம் தயாரிப்பாளர்களிடம் வேரூன்றியது. பழுதுபார்ப்பு என்ற பெயரில் நடந்தாலும், என் பார்வையில் அது பண்டமாற்றுதான்.

அடுத்த திருப்பத்தைக் கொண்டுவந்தது முனையின் வடிவம். கூம்பு வடிவ முனையின் நுனி உருண்டை. அதை எப்படித் திருப்பி ஒட்டினாலும் தடத்துக்கு வேறுபாடு தெரியாது. 1970களின் தொடக்கத்தில் நான்கு தட ஒலிக்கான சிடி-4 முறை 30 கிலோஹெர்ட்ஸில் ஒரு துணை அலையையும் தட்டில் பதித்தது. அதைப் படிப்பதற்காக ஜேவிசியின் நோரியோ ஷிபாட்டா வடித்த முனை, தடத்தின் சுவரை உயரமான, மிகக் குறுகிய கோட்டில் தொட்டது. கோடு என்று வந்துவிட்டால் திசையும் வந்துவிடுகிறது. வைரம் ஓரிரு பாகை திருகி ஒட்டப்பட்டிருந்தால் இடச்சுவரும் வலச்சுவரும் வெவ்வேறு நேரத்தில் வாசிக்கப்படும். முன்பு கண்டுகொள்ளப்படாத கோணப் பிழை பழுதாகக் கணக்கிடப்பட்டது இதன் பிறகே. சிறிய திருகலைச் சரிசெய்ய ஊசியைத் தொட வேண்டியதில்லை. கார்ட்ரிட்ஜையே அதற்கு எதிராகச் சற்றுத் திருப்பி முடுக்கினால் போதும். வளைந்த கான்டிலீவர் வேறு கதை. அலுமினியத்தை நிமிர்த்தினால் விரிசல் விடலாம். போரானோ வளையவே வளையாது, ஒடியும்.

தேய்மானத்தைக் காது பெரும்பாலும் தாமதமாகத்தான் அறிகிறது. தட்டின் வெளி விளிம்பில் நொடிக்கு ஏறக்குறைய 50 செ.மீ. ஓடும் தடம், உள் விளிம்பில் 20 செ.மீ. அளவே ஓடுகிறது. அங்கே அலைகள் நெருக்கமாக இருப்பதால் ‘ஸ’கர ஒலி முதலில் கரகரக்கும். நுண்ணோக்கியின் கீழ் பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால், முனையின் இரு தோள்களிலும் இரண்டு சிறு ஜன்னல்கள் போல ஒளி திரும்பும். தேய்ந்து தட்டையான இடங்கள் அவை. அழுக்கைத் தேய்மானம் என்று எண்ணி அனுப்புகிறவர்களும் உண்டு. முதலில் துடைத்துப் பார்ப்பது நல்லது.

இங்கிலாந்தின் சரே மாவட்டத்து ஆஷ்டெட்டில் எக்ஸ்பர்ட் ஸ்டைலஸ், நியூயார்க் மாநிலத்துப் பீக்ஸ்கில்லில் சவுண்ட்ஸ்மித் போன்ற பட்டறைகள் தயாரிப்பாளரைச் சாராமல் முனைமாற்று வேலையைச் செய்து பெயர் பெற்றன. பழைய கான்டிலீவரிலேயே புதிய வைரத்தை ஒட்டுவது ஒரு வழி. கான்டிலீவரைப் பாதியில் வெட்டி, முனையுள்ள புதிய துண்டைப் பொருத்துவது இன்னொன்று. இணைப்பில் சேரும் பசையின் எடை அசையும் பகுதியின் சுமையைக் கூட்டுமே என்ற தயக்கம் இதற்கு உண்டு. முழுக் கான்டிலீவரையும் மாற்றுவது கடைசி வழி.

2018இல் ஷூர் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்தியது. விரலால் கழற்றி மாட்டும்படி வடிக்கப்பட்ட அந்த ஊசிகளுக்கு அசல் மாற்று வருவது நின்றதால், அவையும் மூவிங் காயில்களோடு அதே பட்டறை மேசைகளுக்கு வந்து சேர்ந்தன.